வெளியாள் கை

சைபரிலிருந்து பத்துக்குள் எத்தனை மார்க் போடுவீர்கள் என்று ஊராரைக் கேட்பதுதான் அவளுக்கு வேலை. அதனால் தெருவில் அவளுக்குக் கேள்விக்காரி என்று பேர். வைத்தது எதிர்வீட்டு டெய்லர். "சொந்தப் புருஷன்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வக்கில்ல, ஊரான் புருஷனையெல்லாம் கேக்குது பாரு" என்று மிஷினை மிதித்துக்கொண்டே சொல்வான். சொல்லும்போது வாயில் குண்டூசி இருக்கும், வார்த்தையிலும் இருக்கும்.

கேள்வி எல்லாம் ஒரே பெரிய கம்பெனியைப் பற்றி. கம்ப்யூட்டர் செய்கிற கம்பெனி. பேர் எதற்கு, கேட்டுக்கொண்டிருக்கிற உங்களிலேயே பாதிப் பேர் மடியில் அவர்கள் மிஷின்தான் சுடச்சுட உட்கார்ந்திருக்கும். வாங்கினவர்களைக் கூப்பிட்டுப் பொருள் எப்படி, கடை எப்படி, ரிப்பேர் எப்படி என்று கேட்டு எழுதுகிற வேலையைக் கம்பெனி வேறொரு ஆபீஸிடம் விட்டிருந்தது. அந்த ஆபீஸ் அதை வீட்டிலிருக்கிற பெண்களிடம் விட்டிருந்தது. காதுக்கு ஒரு மாட்டி, கம்பெனியின் மிஷின் ஒன்று, திரையில் வரிசையாகக் கேள்வி. நம்பரைக்கூட இவள் சுற்ற வேண்டாம், அதுவே சுற்றிக்கொள்ளும். யாருக்குப் போகிறது என்று தெரியாது. எடுத்தவர் குரல்தான் அடையாளம்.

வீடு இரண்டு அறையும் ஒரு சமையல் கட்டும். இரண்டு அறைக்கும் நடுவில் சுவர் கிடையாது, பலகைத் தடுப்பு. பின்னறையில் இவள் உட்கார்ந்து பேசினால் முன்னறையில் கொட்டாவி விடுகிறவனுக்கும் கேட்கும். ஜன்னலைத் திறந்தால் தெருச்சத்தம் வருகிறது என்று ஆபீஸில் திட்டுவார்கள். மூடினால் வேகும். வெந்துகொண்டேதான் கேட்பாள்.

"பத்துக்குப் பதினொண்ணு போட்டுக்கம்மா" என்பாள் ஒருத்தி. "என் மருமகளைவிட நல்லா பாத்துக்குது என்னை. கூப்பிட்டா எந்திரிக்குது."

"நான் வாத்தியார்ம்மா" என்பார் ஒருவர். "திருத்திப் பழக்கம். பொருளுக்கு ஒன்பது. விக்கிறவனுக்கு மூணு. கூட்டிப் பாதியாக்கிக்கோ."

"அப்படிக் கூட்ட முடியாது சார். மொத்தமா ஒரு மார்க் சொல்லுங்க."

"அதெப்படி? பரீட்சை ரெண்டு, மார்க் மட்டும் ஒண்ணா?"

இன்னொருவருக்குச் சார்ஜர் கவலை. "வருஷத்துக்கு ஒரு ஓட்டையை மாத்துறான்மா. போன வருஷத்து வயர் இந்த வருஷத்துல நுழையல. என் வீட்டு மேஜை டிராயரைத் திறந்தா பாம்புப் புத்து மாதிரி இருக்கு." ஒரு மளிகைக்கடைக்காரர், "வாங்கப் போனப்ப மாப்பிள்ளை மரியாதை. ரிப்பேர்ன்னு போனேன், பொண்ணைப் பெத்தவன் மரியாதை" என்றார். அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாது, பதிவாகும்.

மார்க்கில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒன்பதும் பத்தும்தான் கம்பெனிக்கு மார்க். ஏழும் எட்டும் இருந்தும் இல்லாத கணக்கு. ஆறும் அதற்குக் கீழும் குறை. குறை கூடினால் கேள்வி கேட்டவள் தலையில் விழும், மிஷின் செய்தவன் தலையில் அல்ல. அதனால் பெண்கள் எல்லோரும் ஒரு வித்தை பழகியிருந்தார்கள். ஏழு என்று ஒருவர் சொன்னால், "ஏழுன்னா பரவாயில்லன்னுதானே சார் அர்த்தம்? பரவாயில்லன்னா ஒன்பதாவே போட்டுக்கட்டுமா?" என்று இழுப்பது. சொல்லிக்கொடுத்ததே ஆபீஸ் மேற்பார்வைப் பெண்தான். "கெஞ்சக் கூடாதுக்கா. ஆனா சிரிச்சுக்கிட்டே கேக்கலாம்."

கேள்விக்காரிக்கு இழுக்கத் தெரியும். ஆனால் அவளிடம் ஒரு கோளாறு. ஆட்களைப் பேசவிட்டுவிடுவாள். ம், ம் என்று அவள் காது கொடுக்கிற விதத்தில் எதிரில் இருக்கிறவர் மனசு திறந்துகொள்ளும். வயிறெரிந்ததை எல்லாம் கொட்டி முடித்தவரிடம் பத்து எப்படி வரும்? உள்ளதுதான் வரும்.

அவள் புருஷனைத் தெருவில் படக்காரர் என்பார்கள். படம் எடுக்கிறவர் இல்லை, எடுத்ததை வெட்டி ஒட்டுகிறவர். நாலு போட்டோக்காரர்கள் நாள் முழுக்க எடுத்துக்கொண்டு வருகிற கல்யாணத்தை இவரிடம் கொட்டிவிட்டுப் போவார்கள். அதில் முழங்கை, முதுகு, கொட்டாவி, கோபித்துக்கொண்ட சித்தப்பா எல்லாம் இருக்கும். இவர் உட்கார்ந்து பொறுக்கி எடுத்து, ஒரு மணிநேரத்துக்கு அந்தக் குடும்பம் முழுக்க ஒருவருக்கொருவர் பிடித்துப்போனவர்களாகத் தெரிகிற மாதிரி செய்து தருவார். "சண்டை போட்ட சம்பந்தி ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல சிரிக்க வச்சுட்டாருய்யா" என்று சொல்லுவார்கள். அந்த வேலையை எல்லாம் செய்தது கம்பெனி மிஷின் ஒன்றில். வாங்கிய புதிதில் அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்த அழகைப் பார்த்து இவள், "பிள்ளை பெத்தவன் மாதிரி இருக்கு" என்றாள்.

அந்த மிஷின் கல்யாண சீசன் நடுவில் செத்துப்போனது. உள்ளே நாலு வீட்டுக் கல்யாணம் பாதி வெட்டினபடி. கம்பெனிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார், தூக்கிக்கொண்டு வந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டதற்கு, "திருட்டுப் பசங்க" என்றார். அதற்குமேல் வாய் திறக்கவில்லை. மிஷினைத் துண்டில் சுற்றி முன்னறைப் பீரோமேல் வைத்தார். போட்டோக்காரர்கள் சிலர் தங்களிடமிருந்த பிரதியைக் கொடுத்துச் சமாளித்தார்கள். ஒரு வீட்டுக்குப் பிரதியே இல்லை. அந்தப் பெண்ணின் அப்பா வாசலில் வந்து நின்று ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். திட்டியிருந்தால் தேவலாம். அதன்பிறகு யாரும் படம் கொண்டு வரவில்லை. படக்காரர் பார்சல் கிடங்கில் மூட்டை ஏற்றப் போனார். முகத்தில் வெட்கம் ஏறுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகின கண், பெட்டிமேல் ஒட்டியிருக்கிற சீட்டைப் பார்த்தது. வலது தோள் இறங்கிப்போனது.

அந்த நேரத்தில்தான் இவளுக்கு இந்த வேலை கிடைத்தது. கம்பெனி வேலை என்று சொன்ன அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளினார்.

"வேற ஆளே கிடைக்கலியா உனக்கு?"

"கிடைச்சது இதுதான். நீங்க கூலிக்குப் போய்த் தோளை ஒடிச்சுக்கிறீங்க, நான் வாயை ஒடிச்சுக்கிறேன்."

"திருடன் வீட்டு உப்பு."

"அந்த உப்பைப் போட்டுத்தான் இந்த வீட்ல உருளைக்கிழங்கு வேகப் போகுது."

அவ்வளவுதான் பேச்சு. அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் நடுவில் மொட்டைப் பேச்சுதான் ஓடிற்று. உங்களுக்குத் தெரியாததா, நம் வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் பேசாமலே குடித்தனம் நடத்த மொழியே வழிவிட்டு வைத்திருக்கிறது. "சட்டை காஞ்சிடுச்சு" என்று காற்றுக்குச் சொன்னால் எடுத்து மடி என்று அர்த்தம். "முட்டை இருக்கா இல்லியா தெரியல" என்று அடுப்புக்குச் சொன்னால் வாங்கி வா என்று அர்த்தம். நீ இல்லை, நீங்க இல்லை, ஏய் இல்லை, இந்தா இல்லை. மாசக் கணக்காக அந்த வீட்டில் வினைச்சொல்லுக்கு ஆளே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் சத்தம் கேட்கும். அவள் தம்பி வருவான். அப்பா அம்மா போனபிறகு இடுப்பில் தூக்கி அவள் வளர்த்தவன். தெருமுனையில் ஒரு பெட்டிக்கடை அளவுக்கு இடம் பிடித்து போன், கம்ப்யூட்டர், மிக்ஸி, பேசுகிற பொம்மை, எது வந்தாலும் திறந்து பார்ப்பான். அதனால் ஸ்க்ரூ என்று பேர். சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் திருப்புளி இருக்கும்.

"அக்கா, இன்னிக்கு ஒருத்தன் கம்பெனி மிஷின் கொண்டாந்தான்" என்று சாப்பிட்டுக்கொண்டே ஆரம்பிப்பான். "திறக்கவே முடியல. ஆணிக்கு உலகத்துல இல்லாத ஒரு தலை வச்சிருக்கான். சரி, அதுக்கும் ஒரு திருப்புளி வாங்கிட்டேன். உள்ள போனா பேட்டரியைப் பசை போட்டு ஒட்டி வச்சிருக்கான். ஏன்டா, நான் காசு குடுத்து வாங்குன பொருளை நான் தொடக் கூடாதா?"

"நீ தொட்டதும்தான் எல்லாம் உருப்பட்டுடுதா" என்பாள் இவள், விளையாட்டாக.

படக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். "அவனைச் சாப்பிட விடலாம்" என்று தட்டுக்குச் சொல்லிவிட்டு, தன் பங்கு முட்டையை எடுத்து மைத்துனன் தட்டில் வைப்பார்.

"எனக்கு வேணாம் மாமா."

"தின்னு மாப்ள. நாள் பூரா குனிஞ்சு வேலை செய்யிற கழுத்து."

இவளுக்கு அது ஒரு பக்கம் சந்தோஷமாகவும் ஒரு பக்கம் எரிச்சலாகவும் இருக்கும். என் தம்பிக்கு முட்டை, எனக்கு மொட்டைப் பேச்சா? என்னதான் செய்தேன் நான்? உருளைக்கிழங்கை இன்னும் கொஞ்சம் அழுத்தி மசிப்பாள்.

ஒருநாள் மேற்பார்வைப் பெண் கூப்பிட்டாள். சின்னப் பெண்தான், கெட்டவள் இல்லை. அவளுக்கு மேலேயும் ஒருத்தி இருந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்த கேள்விக்காரி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, இந்த மாசமும் உங்க லிஸ்ட்ல குறை மார்க் ஜாஸ்தி. இன்னும் ஒண்ணு விழுந்துச்சுன்னா தானா நின்னுடும். நான் தடுத்தாலும் நிக்காது."

"நான் என்னம்மா பண்றது? அவங்க சொல்றதைத்தானே எழுதறேன்."

"ரொம்பக் கேக்கறீங்கக்கா. பேச விடாதீங்க. அடுத்த கேள்வி, அடுத்த கேள்வின்னு போயிட்டே இருங்க. வண்டியில போறப்ப ரோட்டோரம் எவனாவது கை காட்டுனா நிப்பாட்டுவோமா?"

"என் வீட்டுக்கு இந்த வேலையை விட்டா வேற நிலையா ஒண்ணும் இல்லம்மா."

"தெரியும்க்கா. அதான் முன்னாடியே சொல்றேன்."

பலகைக்கு அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சென்றது. அவர் திரும்பிப் படுத்தார்.

அப்புறம் மழை பிடித்தது. விடாத மழை. ஜன்னல்மேல் போட்டிருந்த தகரத்தில் உலை கொதிக்கிற மாதிரி சத்தம். பார்சல் கிடங்குக்குள் தண்ணீர் வந்துவிட்டது, யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். படக்காரர் முன்னறையில் தோளில் சுடுதண்ணீர்ப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துவைத்த துணி வீட்டுக்குள்ளேயே கயிற்றில் தொங்கியது. ஈரத்துணி வாசனையும் டீ வாசனையும். பின்னறையில் இவள் மாட்டியைக் காதில் அழுத்திக்கொண்டு, மழைக்கு மேல் குரலை ஏற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து நல்லபடியாகப் போயிற்று. ஒரு ஏழு ஒன்பதாயிற்று, ஒரு எட்டும் ஒன்பதாயிற்று.

அடுத்த நம்பரை மிஷின் சுற்றியது. காதுக்குள் மணி அடித்தது. பலகைக்கு அந்தப் பக்கமும் மணி அடித்தது.

இரண்டு மணியும் ஒன்று என்று அவளுக்கு உடனே புத்தியில் ஏறவில்லை. யாரோ அவருக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாள். முன்னறையில் மணி நின்றது. காதுக்குள்ளும் நின்றது. "ஹலோ" என்று பலகை வழியாக ஒரு குரல் வந்தது. கொஞ்சம் தள்ளி, அதே ஹலோ காதுக்குள் வந்தது.

இதற்கென்று ஒரு விதி இருந்தது. சொந்தக்காரர் யாராவது மாட்டினால், திரையின் ஓரத்தில் 'உறவினர்' என்று ஒரு பட்டன், அதை அமுக்கிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அவள் கை அதன்மேல் போயிற்று. அமுக்கவில்லை. பாருங்கள், அத்தனை மாசத்தில் அவளைப் பார்த்து வந்த முதல் வார்த்தை அந்த ஹலோதான். அதை எப்படி அமுக்குவாள்?

"வணக்கம் சார்" என்று திரையில் இருந்ததைப் படித்தாள். "வாடிக்கையாளர் கருத்துப் பிரிவிலிருந்து பேசுகிறேன். எங்கள் சேவையை மேம்படுத்த உங்கள் கருத்து தேவை. இந்த உரையாடல் பதிவு செய்யப்படும். தொடரலாமா?"

மழை மட்டும் இரண்டு காதிலும் கேட்டது. பிறகு,

"கேளுங்க மேடம்."

"எங்கள் கணினியை எவ்வளவு காலமாகப் பயன்படுத்தி வருகிறீர்கள்?"

"பயன்படுத்தல மேடம். பீரோ மேல இருக்கு. துண்டு சுத்தி வச்சிருக்கேன்."

திரையில் பீரோவுக்குக் கட்டம் இல்லை. ஏதோ ஒன்றைத் தட்டினாள்.

"எங்கள் கணினியில் உங்களுக்கு மிகவும் பிடித்த அம்சம் எது?"

"திரை" என்றார், யோசிக்காமல். "கல்யாணப் பொண்ணு ஒண்ணு, யாரோ கூப்பிட்டாங்கன்னு திரும்பும் மேடம். கூப்பிட்டது மாப்பிள்ளைன்னு தெரியும்போது கன்னத்துல லேசா ஒரு சிவப்பு ஏறும். வேற மிஷின்ல பாத்தா அது மஞ்சளாத் தெரியும், இல்ல தெரியவே தெரியாது. இதுல உள்ளது உள்ளபடி. அதைச் செஞ்சவன் கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கலாம். செஞ்சவனைப் பத்தி ஒரு குறை சொல்ல மாட்டேன்."

"எங்கள் பழுதுபார்ப்பு நிலையத்துக்குச் சென்றிருக்கிறீர்களா?"

"போனேன்."

"அனுபவம் எப்படி இருந்தது?"

"நல்ல நாற்காலி. கண்ணாடி டம்ளர்ல தண்ணி குடுத்தாங்க." நிறுத்தினார். கட்டில் கிரீச்சென்றது. அது காதிலும் கேட்டது, பலகையிலும் கேட்டது. "கம்பெனிச் சட்டை போட்ட ஒரு தம்பி வந்தான். திறந்தான், பாத்தான், மூடிட்டான். வெளியாள் கை பட்டிருக்கு சார், நாங்க தொட மாட்டோம்ன்னான். எவ்வளவு ஆனாலும் தரேன்ப்பான்னேன். காசுக்கில்ல சார், கம்பெனி சட்டம்ன்னான். சரி, மிஷினைச் சரி பண்ண வேணாம், உள்ள நாலு வீட்டுக் கல்யாணம் கிடக்கு, அதை மட்டும் எடுத்துக் குடுத்துடுன்னேன். அதெல்லாம் உள்ள இருக்கிற போர்டோட போர்டா ஒட்டியிருக்கு, தனியா வராதுன்னான். அப்புறம்…"

"சொல்லுங்க சார்."

"கையைப் பிடிச்சேன் மேடம். அவன் கையை. எனக்கொரு மகன் இருந்தா அவன் வயசு இருக்கும். எல்லாரும் பாத்தாங்க. அவன் மெதுவா விடுவிச்சுக்கிட்டு, சார், பக்கத்துல புது மாடல் வந்திருக்கு, பாக்கறீங்களான்னு கேட்டான்."

அடுத்த கேள்வி திரையில் நின்றுகொண்டிருந்தது. வண்டியை நிப்பாட்டாதே என்று மேற்பார்வைப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது. அவள் நிப்பாட்டினாள்.

"யார் கை சார்?"

"என்ன?"

"வெளியாள் கைன்னு சொன்னாங்களே. யார் கை?"

மழை பெய்தது. அவர் தொண்டையைச் செருமுகிறது பலகை வழியாக வந்தது, காதிலும் வந்தது.

"அது எழுதணுமா மேடம்?"

"எழுத வேணாம் சார்."

"எங்க வீட்டுக்கு வேண்டிய பையன்தான். பேட்டரி உப்பிடுச்சு. கம்பெனியில குடுத்தா வாரக் கணக்கா வச்சுக்குவாங்க, சீசன் நேரம். அவன் மாத்திக் குடுத்தான். காசு வாங்க மாட்டேன்னுட்டான். நல்லாத்தான் ஓடுச்சு மேடம், பொய் சொல்லக் கூடாது. அப்புறம் கம்பெனி அப்டேட்னு என்னமோ புதுசா அனுப்புச்சு. அதுவே ஏத்திக்கிச்சு, அதுவே அணைஞ்சுது. அப்புறம் முழிக்கல. அவன் கையால போச்சா, இவங்க அனுப்புனதுல போச்சா, இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

கேள்விக்காரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தட்டில் வைத்த முட்டை, 'அவனைச் சாப்பிட விடலாம்', எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது.

"வீட்ல சொன்னீங்களா சார்?"

"எப்படி மேடம் சொல்றது? எங்க வீட்டம்மா தூக்கி வளத்த பிள்ளை அது. சொன்னா கோபப்பட மாட்டாங்க. அதான் கஷ்டம். ஒவ்வொரு தடவை தம்பிக்குச் சோறு போடறப்பவும் அந்தக் கரண்டி ஒரு நிமிஷம் நிக்கும். அதை நான் பாத்துக்கிட்டு உக்காரணும். அவனுக்கே தெரியாது மேடம். தெரிஞ்சா கடையை மூடிடுவான். அதனால கம்பெனியைத் திட்டிக்கிட்டு இருந்தேன். கம்பெனிக்கு வலிக்காதுல்ல. அப்புறம் பாத்தா வீட்டம்மா அந்தக் கம்பெனி வேலைக்கே போனாங்க. திட்டுனது போய் அவங்க மேல விழுந்துடுச்சு. விழுந்ததைத் திருப்பி எடுக்க எனக்குத் தெரியல. நான் வெட்டி ஒட்டுறவன்னு பேரு. இதை வெட்டத் தெரியல, ஒட்டவும் தெரியல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தது பதிவாகாது.

"கடைசிக் கேள்வி சார். சைபரிலிருந்து பத்துக்குள், எங்கள் நிறுவனத்தை உங்கள் உறவினருக்கும் நண்பருக்கும் எந்த அளவுக்குப் பரிந்துரைப்பீர்கள்?"

"உங்களுக்கு எத்தனை வேணும் மேடம்?"

"சார்?"

"எனக்குக் காது கேக்கும் மேடம். நீங்க ஏழை ஒன்பதாக்குறது, எட்டை ஒன்பதாக்குறது எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருக்கேன். இன்னும் ஒண்ணு விழுந்தா என்ன ஆகும்னும் கேட்டேன். பத்து போட்டுக்குங்க. மனசாரத்தான் சொல்றேன்."

"நீங்க நிஜமா நினைக்கிறதைச் சொல்லுங்க."

"நிஜமா பத்துதான். மழைக்காலம். ஒரு வீட்ல ஒருத்தர் வயிறாவது காயாம இருக்கணும்."

அவள் திரையைப் பார்த்தாள். சைபரிலிருந்து பத்து வரை வரிசையாக வட்டம். சிவப்பில் ஆரம்பித்துப் பச்சையில் முடியும். கம்பெனித் திரை, உள்ளது உள்ளபடி காட்டுகிற திரை. சிவப்புக் கோடியில் இருந்த சைபரைத் தொட்டாள். கருத்து என்று போட்டிருந்த இடத்தில் மெதுவாகத் தட்டி எழுதினாள்: 'கை பட்டது வெளியாள் அல்ல. வீட்டு ஆள்.'

எழுதினதை வாடிக்கையாளருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுவும் விதி.

"நீங்கள் எங்களுக்கு வழங்கிய மதிப்பெண், சைபர்" என்று படித்தாள். "உங்கள் நேரத்துக்கு நன்றி சார்."

"ஏய்" என்றார் அவர். "என்ன பண்ற நீ?"

ஏய் என்றார். நீ என்றார். பலகை வழியாகவும் கேட்டது, காதிலும் கேட்டது.

வாடிக்கையாளர் வைக்கிற வரைக்கும் கேட்கிறவள் வைக்கக் கூடாது. அவள் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. இரண்டு பேர் மூச்சும் கம்பெனிக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து, ஈரத்துணியை விலக்கிக்கொண்டு அவர் கதவுப்பக்கம் வந்து நின்றார். தோளில் சுடுதண்ணீர்ப் பை, காதில் போன். போனுக்குள்ளேயே சொன்னார்.

"டீ ஆறிப்போச்சு. போட்டுத் தரட்டுமா உனக்கு?"

மேற்பார்வைப் பெண் மறுநாள் கூப்பிட்டாள்.

"அக்கா, அது உங்க வீட்டுக்காரராமே. பட்டனை அமுக்கியிருக்கலாம்ல? பதிவுல அவரே பத்துன்னு சொல்றாரு, நீங்க சைபர் போட்டிருக்கீங்க. சொல்லாத மார்க்கைப் போட்டீங்கன்னு மேல எழுதிட்டாங்க."

"ஏழை ஒன்பதாப் போட்டப்பவும் சொல்லாத மார்க்கைத்தான்ம்மா போட்டேன். அப்ப யாரும் எழுதலியே."

"உடம்பைப் பாத்துக்குங்கக்கா" என்று வைத்துவிட்டாள். முதல் தடவையாகக் கம்பெனிப் பக்கம் முந்திக்கொண்டு வைத்தது.

பேசி முடித்த கையோடு மேஜைமேல் இருந்த மிஷின் தானாக இருண்டது. எங்கேயோ இருந்துகொண்டே பூட்டிவிட்டார்கள். ஆள் வந்து எடுத்துப் போகும்வரை அது அப்படியே இருக்கும். ஆக, பீரோமேல் ஒன்று, மேஜைமேல் ஒன்று, அந்த வீட்டில் கம்பெனிக்கு இரண்டு பிணம். அடுத்த மாசம் அடுப்பு எப்படி எரியும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஆனால் தெரியாததை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள், நீ என்றும் நீங்க என்றும். அவருடைய தோளுக்கு அவள் எண்ணெய் தேய்த்தாள். "இன்னும் கொஞ்சம் கீழ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. தம்பி சட்டையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தான். வந்தவன் கண் நேரே மேஜைக்குப் போயிற்று.

"என்னக்கா, இதுவுமா படுத்துடுச்சு?"

"ம். வேலை போச்சுடா. பூட்டிட்டாங்க."

"பூட்டிட்டாங்களா? அவன் வீட்டுப் பூட்டுன்னா நமக்குத் திறக்கத் தெரியாதா?" சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்தான். முகம் மலர்ந்திருந்தது. "மாமா, உங்க மிஷினையும் எத்தனை நாளைக்குத் துண்டு கட்டிப் பீரோ மேல உக்கார வச்சிருப்பீங்க? அதையும் இறக்குங்க. ரெண்டையும் ஒரு கை பாத்துடறேன்."

படக்காரர் அவளைப் பார்த்தார். அவள் தட்டில் உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. அவர் பார்த்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. தம்பி மட்டும் ஒன்றும் அறியாமல் திருப்புளியின் முனையை ஊதிக்கொண்டிருந்தான்.

"முதல்ல உக்காந்து தின்னு மாப்ள" என்றார் படக்காரர். "அதுங்க எங்கயும் ஓடிடாது."

அவள் கரண்டியை மறுபடியும் சட்டிக்குள் விட்டு, அடியோடு அள்ளினாள்.

"போதும்க்கா" என்றான் தம்பி.

"போதாது" என்றாள்.